கோல் போட்டவர் சட்டையைக் கழற்றினால் குற்றமா?

கத்தார் நாட்டில் லுசைல் என்று ஒரு நகரம். 2022-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அங்கே உலகக் கோப்பை கால்பந்துப் பந்தயம் நடந்தது. ஒரு பக்கம் பிரேசில். ஐந்து தடவை உலகக் கோப்பையை வென்ற நாடு. மறு பக்கம் ஆப்பிரிக்காவில் உள்ள காமரூன்.

90 நிமிடம் முடிந்துவிட்டது. இரண்டு அணியும் ஒரு கோல்கூடப் போடவில்லை. இடையில் வீணான நேரத்துக்காகச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். அப்போது வலது பக்கத்தில் இருந்து ஒரு பந்து பறந்து வந்தது. காமரூன் அணித் தலைவர் வின்சென்ட் அபூபக்கர் அதைத் தலையால் முட்டினார். கோல்!

உலகக் கோப்பைப் பந்தயத்தில் எந்த ஆப்பிரிக்க நாடும் அதுவரை பிரேசிலைத் தோற்கடித்தது இல்லை. அபூபக்கருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடினார். சட்டையைக் கழற்றினார். வெற்று உடம்போடு நின்றார்.

நடுவர் இஸ்மாயில் எல்பாத் அவரிடம் போனார். நடுவரின் முகத்தில் சிரிப்பு. அபூபக்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடனே மஞ்சள் அட்டையைக் காட்டினார். அதற்கு அடுத்தாற்போல் சிவப்பு அட்டையையும் காட்டினார்!

அபூபக்கரும் சிரித்தார். சட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறினார்.

கை குலுக்கிய நடுவரே ஏன் வெளியே அனுப்பினார்?

இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு

கால்பந்து ஆட்டத்தில் மஞ்சள் அட்டை என்பது எச்சரிக்கை. ஒருவர் ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கினால், அது ஒரு சிவப்பு அட்டை ஆகிவிடும். சிவப்பு அட்டை வாங்கியவர் வெளியே போய்விட வேண்டும். அவருக்குப் பதிலாக வேறு ஆள் இறங்க முடியாது. அந்த அணி ஓர் ஆள் குறைவாகவே ஆடி முடிக்க வேண்டும்.

அபூபக்கர் அன்று ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். சட்டையைக் கழற்றியதற்கு இரண்டாவது அட்டை. கணக்கு சரியாகப் போயிற்று!

கடைசி நேரத்தில் காமரூன் அணி பத்து பேரோடு ஆடியது. நல்ல வேளையாக பிரேசில் கோல் போடவில்லை. 1-0 என்று காமரூன் வென்றது. (ஆனாலும் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. அதே நேரத்தில் நடந்த இன்னொரு பந்தயத்தில் சுவிட்சர்லாந்து வென்றுவிட்டது.) அந்த நிமிடங்களில் பிரேசில் ஒரு கோல் போட்டிருந்தால்? சரித்திர வெற்றி ஒரு சட்டையால் போயிருக்கும்.

விதி என்ன சொல்கிறது?

கால்பந்து ஆட்டத்துக்கு 17 விதிகள் உண்டு. அவற்றில் 12-வது விதி குற்றங்களைப் பற்றியது. கோல் போட்டவர் மகிழ்ச்சி கொண்டாடலாம் என்றே அது சொல்கிறது. ஆனால் அளவு மீறக் கூடாது.

எது அளவு மீறல்? வேலியில் ஏறினால் மஞ்சள் அட்டை. கூட்டத்துக்கு ஆபத்து உண்டாகும்படி ரசிகர்களிடம் போனால் மஞ்சள் அட்டை. எதிரிகளைச் சீண்டும்படி, கேலி செய்யும்படி சைகை காட்டினால் மஞ்சள் அட்டை. முகமூடி போட்டால் மஞ்சள் அட்டை. சட்டையைக் கழற்றினாலும், சட்டையால் தலையை மூடினாலும் மஞ்சள் அட்டை.

சட்டையைப் பற்றிய கட்டாயம் 2004-ம் ஆண்டில் வந்தது. அதற்கு முன்பு நடுவர் பார்த்து முடிவு செய்வார். இப்போது அவர் விரும்பினாலும் விட முடியாது. 2019-ல் இன்னும் இறுக்கிவிட்டார்கள். போட்ட கோல் செல்லாது என்று பிறகு தீர்ப்பானாலும், சட்டையைக் கழற்றியதற்குக் கொடுத்த அட்டை செல்லும். கோலும் போச்சு, அட்டையும் மிச்சம்!

மாண்ட நண்பனுக்காக

2010-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி. தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரம். உலகக் கோப்பை இறுதிப் பந்தயம். ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதின. 116-வது நிமிடத்தில் ஸ்பெயின் வீரர் ஆந்திரேஸ் இனியெஸ்டா கோல் போட்டார். அந்த ஒரு கோல்தான் ஸ்பெயினுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்தது.

இனியெஸ்டா சட்டையைக் கழற்றினார். உள்ளே வெள்ளை பனியன். அதில் கையால் எழுதிய எழுத்து. "டானி ஹார்க்கே, நீ என்றும் எங்களோடு இருக்கிறாய்" என்பது அதன் பொருள்.

யார் இந்த ஹார்க்கே? பார்சிலோனா நகரத்தில் உள்ள எஸ்பான்யோல் அணியின் தலைவர். 2009-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இத்தாலிக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் மாரடைப்பால் மாண்டுபோனார். வயது 26. இனியெஸ்டா ஆடியது அதே ஊரில் உள்ள பார்சிலோனா அணியில். இரண்டு அணிக்கும் பரம்பரைப் போட்டி. ஆனால் இளம் வயதில் இருந்தே இருவரும் நண்பர்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இனியெஸ்டா தன் நண்பனை நினைத்தார். பிறகு எஸ்பான்யோல் மைதானத்துக்கு அவர் ஆடப் போனபோது, எதிர் அணி ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

நடுவர் ஹோவர்டு வெப் மஞ்சள் அட்டையைக் காட்டினார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. விதி அப்படி.

அன்றைய பந்தயத்தில் இன்னொன்றும் நடந்தது. 28-வது நிமிடம். நெதர்லாந்து வீரர் நைஜல் டி யோங் காலைத் தூக்கி, ஸ்பெயின் வீரர் சாபி அலோன்சோவின் நெஞ்சில் உதைத்தார். அதற்கும் மஞ்சள் அட்டைதான்! அது சிவப்பு அட்டைக்கு உரிய குற்றம் என்றும், தமக்குச் சரியாகத் தெரியவில்லை என்றும் வெப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். நெஞ்சில் உதைத்தவருக்கும் ஒரே அட்டை, நெஞ்சில் நண்பன் பெயரை எழுதியவருக்கும் ஒரே அட்டை.

சட்டைக்குச் சொல்லும் காரணம்

சட்டையைக் கழற்றுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

நேரம் வீணாகும் என்கிறார்கள். இது உண்மைதான். 2002-ம் ஆண்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணி வீரர் டியேகோ போர்லான் ஒரு கோல் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினார். திரும்பப் போட முடியவில்லை! கை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். ஆட்டம் தொடங்கிவிட்டது. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வெற்று உடம்போடு மைதானத்தில் ஓடினார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் நேரத்துக்கு வேறு மருந்து இருக்கிறது. வீணான நேரத்தைக் கணக்கிட்டுக் கடைசியில் கூட்டிக் கொடுத்தால் போதும். 2022 உலகக் கோப்பையில் நடுவர்கள் அதைத்தான் செய்தார்கள். கோல் கொண்டாட்டத்தில் போன நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

பனியனில் அரசியல், மதம் என்று எதையாவது எழுதிக் காட்டுவார்களே என்பது இன்னொரு காரணம். அதற்கு 4-வது விதி தனியாக இருக்கிறது. எழுதிக் காட்டியவர் மீது போட்டியை நடத்துகிறவர்கள் நடவடிக்கை எடுக்கலாம். சட்டையில் பெயர் போட்டிருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு நஷ்டம் என்றும் ரசிகர்கள் பேசிக்கொள்வது உண்டு. கோல் விழும்போதுதானே நிறையப் படம் எடுக்கிறார்கள்! அது கம்பெனி கவலை. அதற்காக நடுவர் அட்டையைத் தூக்க வேண்டுமா?

எந்தப் பக்கம் ஓடுகிறார்?

தண்டிக்க வேண்டிய கொண்டாட்டம் வேறு இருக்கிறது.

2009-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். மான்செஸ்டர் சிட்டி அணிக்கு ஆடிய இம்மானுவேல் அடெபயோர், ஆர்செனல் அணிக்கு எதிராக ஒரு கோல் போட்டார. அவர் சில மாதங்களுக்கு முன்பு வரை ஆர்செனலில் ஆடியவர். பழைய ரசிகர்கள் அன்று அவரை வாயில் வந்தபடி ஏசினார்கள். கோல் போட்டதும் அடெபயோர் தம் கூட்டாளிகளிடம் போகவில்லை. மைதானத்தின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு ஓடினார். ஆர்செனல் ரசிகர்கள் முன்னால் போய் முழங்காலில் சறுக்கிக் கையை விரித்தார்.

கூட்டம் கொதித்தது. கையில் கிடைத்தவற்றை எறிந்தார்கள். முண்டியடித்தார்கள். காவல் ஊழியர் ஒருவருக்கு அடிபட்டது. அடெபயோருக்கு அன்று மஞ்சள் அட்டை. பிறகு 25 ஆயிரம் பவுன் அபராதம்.

அவருக்கு ஆத்திரம் இருந்தது. நியாயமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அடிபட்ட ஊழியர் என்ன பாவம் செய்தார்? குழந்தை குட்டிகளோடு வந்திருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்களா? இங்கே அட்டை சரி.

கிரீஸ் நாட்டில் நடந்தது இன்னும் மோசம். 2013-ம் ஆண்டு மார்ச் மாதம் ஏ.இ.கே. ஏதென்ஸ் அணியின் இளைஞர் யோர்கோஸ் கட்டிடிஸ் கோல் போட்டார். சட்டையைக் கழற்றினார். பிறகு ஹிட்லரின் நாஜிக்கள் போடுவது போல் கையை நீட்டி சலாம் போட்டார். நாஜி ஆட்சியில் பட்டினியால் செத்தவர்கள் ஏராளமான நாடு அது. தமக்கு அதன் அர்த்தம் தெரியாது என்றார். யாரும் கேட்கவில்லை. நாட்டுக்காக ஆட அவருக்கு ஆயுள் தடை விதித்தார்கள்.

சட்டை கழற்றியது இனியெஸ்டாவும்தான், கட்டிடிசும்தான். குற்றம் சட்டையில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையா? கோல் போட்டவர் தம் ஆட்களிடம் ஓடுகிறாரா, எதிரியின் முகத்துக்கு நேராக ஓடுகிறாரா என்பதை நடுவர் கண்ணால் பார்க்கலாம்.

வேலியும் குட்டிக்கரணமும்

வேலி ஏறுவதைத் தடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. 2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சுவிட்சர்லாந்தில் செர்வெட் அணி வீரர் பாலோ டியோகோ, கூட்டாளி கோல் போட உதவிவிட்டு வேலியில் தாவினார். புதிதாகக் கலியாணம் ஆனவர். விரலில் மோதிரம். வேலியில் மோதிரம் மாட்டிக்கொண்டது. அவர் கீழே குதித்தார். மோதிரமும் விரலின் துண்டும் மேலே நின்றுவிட்டன. அறுந்த விரலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார்!

நம் நாட்டிலும் ஒரு துயரம் நடந்தது. 2014-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மிசோரம் மாநிலத்தில் பீட்டர் பியாக்சாங்சுவாலா என்ற 23 வயது வாலிபர் கோல் போட்டுவிட்டுக் குட்டிக்கரணம் அடித்தார். தலை தரையில் மோதியது. தண்டுவடம் முறிந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் விட்டார்.

குட்டிக்கரணத்துக்கு அட்டை உண்டா? இல்லை. உயிரைக் குடித்த கொண்டாட்டத்தை விதி பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. உயிருக்கு ஆபத்து இல்லாத சட்டைக்கு மட்டும் கட்டாய அட்டை. குட்டிக்கரணத்துக்கும் அட்டை கொடுங்கள் என்று பீட்டரின் பெற்றோரிடம் போய்ச் சொன்னால் அவர்களுக்கு என்ன ஆறுதல்? பயிற்சி இல்லாதவர் அதைச் செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் பயிற்சியாளர்கள்.

நடுவரிடம் விட்டால்?

சட்டை விஷயத்தைப் பழையபடி நடுவரிடமே விட்டுவிடலாம். அதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஒரு நடுவர் அட்டை காட்டுவார், இன்னொருவர் சும்மா இருப்பார், அவனுக்கு விட்டாயே எனக்கு ஏன் விடவில்லை என்று சண்டை வரும். விதி ஒரே மாதிரி இருந்தால் சண்டை இல்லை.

இது நல்ல வாதம்தான். ஆனால் பந்து கையில் பட்டதா, வேண்டுமென்று தொட்டாரா, தள்ளினாரா, தானாக விழுந்தாரா என்பதை எல்லாம் நடுவர்தான் தீர்மானிக்கிறார். சைகை சீண்டலா, வெறும் விளையாட்டா என்பதும் அவர் பொறுப்பே. கோப்பையின் தலைவிதியையே அவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு சட்டையை மட்டும் அவரிடம் நம்பிக் கொடுக்க மாட்டேன் என்பது என்ன கணக்கு? லுசைலில் எல்பாத் முதலில் கையைத்தான் நீட்டினார். விதி அனுமதித்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

1999-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி அமெரிக்காவில் ரோஸ் பவுல் மைதானத்தில் பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் பந்தயம். 90 ஆயிரத்துக்கு மேல் ஜனங்கள். சீனாவுக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியை அடித்தவர் பிராண்டி சாஸ்டெயின். பந்து வலையில் விழுந்தது. அமெரிக்கா வென்றது. சாஸ்டெயின் மேல் சட்டையைக் கழற்றி, முழங்காலிட்டு, இரண்டு கையையும் முறுக்கிக் கத்தினார். சட்டைக்குக் கட்டாய அட்டை வராத காலம் அது.

2019-ம் ஆண்டில் அதே மைதானத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை முழங்காலிட்டிருக்கிறது. கையில் சட்டை இருக்கிறது.