பொன்னியின் செல்வன் முடிவு: படத்தையும் திட்ட வேண்டாம், பிள்ளைகளையும் திட்ட வேண்டாம்



பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ல் வந்தது. அன்னையிலிருந்து நம்ம வாட்சாப் குழுவில் அன்னதானப் பட்டியலைவிட இந்தப் படத்துக்குத்தான் மெசேஜ் அதிகம். சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கும்போதும் அதே பேச்சு. ஒரு பக்கம் நாவலை இரண்டு தடவை, மூன்று தடவை படிச்ச பெரியவங்க. "முடிவையே மாத்திட்டாங்க, சரித்திரத்தைக் கெடுத்துட்டாங்க" என்று கோபம். இன்னொரு பக்கம் நம்ம இளைஞர்கள். "படம் நல்லாத்தானே இருக்கு அங்கிள், எதுக்கு சண்டை?" என்று கேட்கிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர், தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கு இதைப்பற்றிப் பேச என்ன தகுதி என்று எழுதிவிட்டார். அன்றிரவே இரண்டு பையன்கள் குழுவை விட்டு வெளியே போயிட்டாங்க. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் விடிய விடிய நின்றவர்கள் அந்த ரெண்டு பேர்.

அதனால்தான் தொண்டர்கள் நாங்கள் சிலர் உட்கார்ந்து பேசி இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இந்தக் கதையின் முடிவைப் பற்றிச் சண்டை போடுவது மணிரத்னம் ஆரம்பித்து வைத்தது இல்லை. கல்கி இதை 1950-லிருந்து 1954 வரைக்கும் வாராவாரம் பத்திரிகையில் எழுதினார். கடைசி பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர். அது முடிந்தபோதே வாசகர்கள் பலருக்குத் திருப்தி இல்லை. சட்டென்று முடிச்சிட்டீங்களே, இவர் என்ன ஆனார், அவள் என்ன ஆனாள் என்று கேள்வி மேல் கேள்வி. கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டி வந்தது. இன்றைக்கும் புத்தகத்தின் கடைசியில் அது இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அசல் கல்கியையே விடவில்லை நம்ம ஆட்கள். நம்ம பையன்கள் சொல்கிறார்கள், அவர்கள் பார்க்கிற ஜப்பான் சாமுராய் கார்ட்டூன் படங்களுக்கும் இதே கதைதானாம். கடைசி பாகம் வந்தால் புத்தகம் படித்தவன் ஒரு பக்கம், படம் மட்டும் பார்த்தவன் ஒரு பக்கம்.

இப்போது பெரியவர்களின் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருவோம். நாவலில் அருள்மொழிவர்மர் கிரீடத்தைச் சேந்தன் அமுதனுக்குச் சூட்டுகிறார். பூக்கட்டி சிவத்தொண்டு செய்த அந்தப் பிள்ளைதான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், மதுராந்தகன் என்று வளர்ந்தவன் வேறு, குழந்தை மாறிவிட்டது என்பது கதை. ஓடக்காரப் பெண் பூங்குழலி அரசியாகிறாள். படித்தவர்களுக்கு அந்த இடம் மறக்காது, எங்களுக்கும் மறக்கவில்லை. படத்தில் அது இல்லை. ரகுமான் நடித்த அதே மதுராந்தகனுக்கே ஜெயம் ரவி முடிசூட்டுகிறார். மணிமேகலையும் மொத்தமாகக் காணோம்.

நாவல் மாறிவிட்டது என்று சொன்னால் நியாயம். ஆனால் சரித்திரம் மாறிவிட்டது என்று சொன்னால் அது சரியில்லை. குழந்தை மாறிய கதை கல்கியின் கற்பனை. கல்வெட்டும் செப்பேடும் சொல்வது ஒரே ஒரு உத்தம சோழரைத்தான். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர். சிற்றப்பாவுக்கு அரசாட்சியில் ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கினார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த ஒரு விஷயத்தில் பார்த்தால் செப்பேட்டுக்குப் பக்கத்தில் நிற்பது படம்தான், நாவல் இல்லை! படம் மட்டும் பார்த்த பையனைச் சரித்திரம் தெரியாதவன் என்று திட்டினவங்க இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்காகப் படம் முழுக்கச் சரித்திரம் என்றும் சொல்ல மாட்டோம். கரிகாலனும் நந்தினியும் அந்த அறையில் நேருக்கு நேர் நிற்கிற காட்சி, விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள், தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. ஆனால் நந்தினியே கல்கி படைத்த பாத்திரம். கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்று எழுதி வைத்திருப்பது ஒரு கோயில் சுவரில். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். ராஜராஜர் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டுக் கல்வெட்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று சகோதரர்கள் பெயரைச் சொல்லி, துரோகிகளின் சொத்தும் அவர்கள் உறவினர் சொத்தும் பறிமுதல் ஆனதைச் சொல்கிறது. கொலை நடந்து நடுவில் உத்தம சோழர் பதினைந்து வருஷம் ஆண்டு முடித்த பிறகு வந்த கல்வெட்டு அது. ஏன் இவ்வளவு தாமதம் என்று அறிஞர்கள் இன்னும் விவாதம் பண்ணுகிறார்கள். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர் மேலேயே சந்தேகப்பட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள். பெரிய பெரிய ஆய்வாளர்களுக்கே முடியாத வழக்கை நாம் வாட்சாப்பில் முடிக்கப் பார்க்கிறோம்.

கோயில்காரர்களாக எங்களுக்குப் படத்தின் மேல் வேறு வருத்தம் இருக்கிறது. செம்பியன் மாதேவி. ஜெயசித்ரா நடித்தார், வந்தார், போனார். கணவர் போன பிறகு அந்த அம்மா செய்த வேலையைப் பாருங்கள். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, விருத்தாசலம், குத்தாலம் என்று ஊர் ஊராகப் பழைய கோயில்களைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். கோனேரிராஜபுரத்தில் கண்டராதித்தர் சிவலிங்கத்தைக் கும்பிடுவது போலச் சுவரில் செதுக்கியே வைத்திருக்கிறார். அந்தக் கண்டராதித்தர் பாடிய பதிகம்தான் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. நம்ம ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, "அந்தப் படத்தில் வந்த பாட்டியோட வீட்டுக்காரரா?" என்று ஒரு பெண் கேட்டது. படம் அந்த அளவுக்காவது கொண்டுவந்து விட்டிருக்கிறதே. தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளை அது, மலாய் எழுத்தைப் படித்துக்கொண்டே படம் பார்த்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது நம்ம வேலை. தகுதி கேட்பது இல்லை.

இன்னொன்றும் உண்டு, அது நம்ம கோயிலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. திருக்கோடிக்காவில் கல்லால் கட்டும்போது, பழைய கல்வெட்டுகளை அந்த அம்மா தூக்கிப் போடவில்லை. யாரோ எப்போதோ விளக்குக்கும் பூஜைக்கும் கொடுத்த தர்மம் எல்லாவற்றையும், இது பழைய கல்லின் படி என்று குறிப்போடு புதுச் சுவரில் திரும்ப வெட்ட வைத்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்!

நம்ம கோயில் எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்த அம்மன். பால்மரத்தை வெட்டி செம்பனை போட்டு, ஆட்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வேலை தேடிப் போன பிறகு, சாமியையும் தூக்கிக்கொண்டு வந்தோம். கூடவே வந்தது ஒரு மரப்பலகை. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று உபயம் கொடுத்த பால்வெட்டுக்காரர்கள் பெயர் அதில் இருக்கிறது. கரையான் அரித்திருக்கிறது, சில பெயர் பாதிதான் தெரியும். திருப்பணியில் புதுக் கிரானைட் பலகை வைக்கப் போகிறோம், புது உபயதாரர் பெயர் மட்டும் போட்டால் போதும், பழையது எதற்கு என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. எங்களுக்கு அதில் சம்மதம் இல்லை. ராஜராஜன் யார், ரவிதாசன் யார் என்று நாம் இன்றைக்குச் சண்டை போட முடிகிறது என்றால், அது சுவரில் எழுதி வைத்ததால்தான். தோட்டத்து ஆட்களைப் பற்றி எந்த நாவலும் வரப்போவதில்லை, அந்தப் பலகை ஒன்றுதான்.

வரும் ஞாயிறு உச்சிகால பூஜைக்குப் பிறகு அந்தப் பலகையைச் சுத்தம் செய்து ஒவ்வொரு பெயராக எழுதி எடுக்கிறோம். பழைய ரசீதுப் புத்தகம், திருவிழாப் படம், தீமிதி நோட்டீஸ் வீட்டில் இருந்தால் கொண்டு வாங்க. பாதி அழிந்த பெயர்களைப் படிக்க வயசானவர்கள் வேண்டும், அந்தத் தோட்டத்து ஆட்கள் உங்களுக்குத்தான் தெரியும். அதைப் போனில் ஏற்ற இளைஞர்கள் வேண்டும். குழுவை விட்டுப் போன அந்த இரண்டு தம்பிகளிடமும் நேரில் போய்ப் பேசிவிட்டோம், வருகிறோம் என்றார்கள். அந்தப் பெரியவரும் கட்டாயம் வர வேண்டும். நாவல் ஐந்து பாகமும் அவரிடம் இருக்கிறதாம், முதல் பாகத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

சாப்பாடு உண்டு, சாம்பார் சாதமும் பாயாசமும்.