தொட்டுப் பார்க்காத காய்ச்சல்

'அபூர்வ நோய்' என்றொரு சொல் மருத்துவத்தில் புழங்குகிறது. 'புதிதாகத் தலையெடுக்கும் நோய்' என்று இன்னொன்று. இந்தச் சொற்களைக் கேள்வி கேட்காமல் விட முடியாது. யாருக்கு அபூர்வம்? யாருக்குப் புதுசு?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் கம்பைநல்லூர்ப் பக்கம் வருகிற காய்ச்சலையெல்லாம் நம்ம ஜனங்க 'வெசக் காய்ச்சல்' என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு அது 'மர்மக் காய்ச்சல்'. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை என்று கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுகிற காய்ச்சல்களில் முக்கியமானது ஸ்க்ரப் டைபஸ். செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது இதுதான். இதில் மர்மம் எதுவும் கிடையாது. ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற கிருமி. அதைச் சுமப்பது புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு லேசில் தட்டுப்படாத சிற்றுண்ணியின் குஞ்சு. கடித்துச் சுமார் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கிவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை போதும். விலை சில ரூபாய்தான்.

பூச்சிக்குச் சாதி தெரியாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஓடைக்கரையையும் வேலிக்காத்தான் புதரையும் ஒட்டி யார் குடியிருப்பது, கரும்புத் தோட்டத்தில் யார் குனிவது, விறகுக்கும் ஒதுங்குவதற்கும் யார் புதருக்குள் போவது என்பதையெல்லாம் சாதி எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறது. பூச்சி அங்கேதான் காத்திருக்கிறது.

வரலாற்றைப் பாருங்கள். மலாயாவின் செம்பனைத் தோட்டக் கூலிகளிடம் 1920களிலேயே இந்தக் காய்ச்சலைக் கண்டார்கள். நம் சேரிகளிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் எத்தனையோ பேர் உழைத்து மடிந்த தோட்டக்காடுகள் அவை. அப்போது யாருக்கும் அவசரமில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா, அஸ்ஸாம் முனைகளில் சிப்பாய்கள் சுருண்டு விழுந்ததும் அவசரம் பிறந்தது. இங்கிலாந்தில் தடுப்பூசிக்கு முயன்றார்கள். 1948இல் கோலாலம்பூரில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள், குளோராம்பெனிகால் இந்தக் காய்ச்சலைக் குணப்படுத்தும் என்று காட்டினார்கள். போர் முடிந்தது, அக்கறையும் வடிந்தது. இன்றுவரை தடுப்பூசி இல்லை. சிப்பாய்க்கு வந்தால் ஆராய்ச்சி, கூலிக்கு வந்தால் விதி!

இப்போது எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை 2020 முதல் 2022 வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்கிறது அது. பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வந்தவர்களில் சிலர் சாவின் விளிம்புவரை போகிறார்கள். பத்தில் ஒருவர் என்பதா அபூர்வம்? எண்ணப்படாதவர்களின் நோய் அபூர்வ நோயாகவே தோன்றும். இதுதான் விஷயம்.

வடக்கே கோரக்பூரில் பல்லாண்டுகளாக மூளைக்காய்ச்சலில் குழந்தைகள் செத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு ஊசி போட்ட பிறகும் சாவு நிற்கவில்லை. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் பங்கெடுத்த ஆய்வுகளில்தான், 2015க்குப் பிறகு, பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஸ்க்ரப் டைபஸ் தொற்றின் அடையாளம் தெரிந்தது. ஏழைக் குழந்தையின் சாவுக்குச் சரியான பெயர் கிடைக்கவே அத்தனை காலம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூச்சி கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கும். அது கைகாலில் பளிச்சென்று தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழே என்று மறைவில் இருக்கும். நோயாளியைப் படுக்கவைத்து, துணி விலக்கி, தொட்டுத் தேடினால்தான் அகப்படும். நீட்டிய கையைக்கூடத் தொடாமல், நாக்கை மட்டும் பார்த்து ஊசிக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவத்தில் இந்த நோய் எப்படி அகப்படும்? பெண்கள் கூச்சத்தில் சொல்வதில்லை, கேட்பதற்கும் ஆளில்லை. தீண்டாமை என்பது கோயில் வாசலிலும் டீக்கடை கிளாஸிலும் மட்டும் இருப்பதல்ல. தொட்டுப் பார்க்காத மருத்துவத்திலும் அது உயிரைக் குடிக்கிறது.

வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எமக்கு இதன் மறுபக்கம் தெரியும். கார்த்திகை, மார்கழியில் கம்மலையும் மூக்குத்தியையும் பொட்டலமாகக் கொண்டுவரும் அக்காவிடம் "எதுக்கும்மா கடன்?" என்றால், "அவருக்குப் பத்து நாளா காச்சல் சார், நாலு ஊசி போட்டும் எறங்கல" என்கிறார். பென்சிலின் வகை ஊசிகள் இந்தக் கிருமியை அசைக்காது. சில ரூபாய் மாத்திரையில் தீரவேண்டியது அடகுச்சீட்டில் போய் முடிகிறது.

மருத்துவ ஆராய்ச்சிக்கு நாம் எதிரிகளல்ல. ஸ்க்ரப் டைபஸ் முற்றிய நோயாளிகளுக்கு டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் சிக்கல்கள் குறைவதாக, சி.எம்.சி. முன்னின்று நடத்திய இன்னோர் ஆய்வு 2023இல் காட்டியது. ஆனால் 28 நாளுக்குள் நேர்ந்த சாவு அதனால் குறையவில்லை. தாமதமாக வந்து சேர்ந்த உடம்பை எவ்வளவு நல்ல மருந்தாலும் முழுக்க மீட்க முடியாது. தாமதத்தை உண்டாக்குவது கிருமியல்ல, இந்தச் சமூக அமைப்பு.

ரத்தம் கொடுத்தது கிராமம். முடிவு வெளியானது ஆங்கில இதழில். அது ஊருக்குத் திரும்பி வர வேண்டாமா?

தோழர்களே, மாணவர்களே! ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனைக்கு வழியும், மாத்திரை இருப்பும் வேண்டும். தருமபுரி மாவட்டத்துக் காய்ச்சல் கணக்கு ஊர்வாரியாக, காலனிவாரியாக வெளிவர வேண்டும். மருந்துக்கடையில் நாமே மாத்திரை வாங்கித் தின்னச் சொல்லவில்லை. நாலைந்து நாளாகியும் விடாத காய்ச்சலோடு கிடப்பவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மருத்துவரிடம் மரியாதையாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள்:

"தொட்டுப் பாருங்க டாக்டர்."