பிரேக்கை விடுங்க, ரிம்மைப் பாருங்க!

பழைய ரேஸ் சைக்கிளைத் தூசு தட்டி ஓட்ட ஆசைப்படும் எல்லோரும் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று பளபளவென்று புது காலிப்பர் வாங்கிவிடுவார்கள். என்னைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேருக்கு அது வெட்டிச் செலவு. பிரச்சினை பெரும்பாலும் காலிப்பரில் இல்லை, ரிம்மில் இருக்கிறது!

உதாரணத்துக்கு, 1970களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சக்கைப்போடு போட்ட பத்து கியர் சைக்கிள்களை எடுத்துக்கொள்வோம். ராலே, ஷ்வின் என்று பல பேர். நடுத்தர விலை மாடல்கள் பலவற்றில் 27 அங்குலச் சக்கரம், குரோம் பூசிய இரும்பு ரிம், வைன்மன் காலிப்பர். இந்தக் கூட்டணியில் பாவப்பட்ட ஜென்மம் வைன்மன்தான். குரோம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வெயிலில் ஏதோ சமாளிக்கும். மழை பெய்து ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், வண்டி நிற்காது. அங்கே உலகத்திலேயே விலை உயர்ந்த காலிப்பரைக் கொண்டுபோய் மாட்டினாலும் அதே கதைதான்.

நம்ம ஊர் கம்பி பிரேக் சைக்கிளில் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அதில் கட்டை மேலே இழுக்கப்பட்டு ரிம்மின் உள்பக்கத்தில் உரசும். ரேஸ் சைக்கிளில் கட்டை இரண்டு பக்கமிருந்தும் ரிம்மின் பக்கவாட்டைக் கவ்வுகிறது. ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பட்டைதான் உயிரைக் காப்பாற்ற வேண்டும்.

ஆக, என் கட்சி இதுதான்: அலுமினிய ரிம்முக்கு மாறுங்கள், பழைய காலிப்பரை வைத்துக்கொள்ளுங்கள், கட்டையும் கேபிளும் மட்டும் புதிதாகப் போடுங்கள். பல வருஷம் கிடந்த ரப்பர் கல்லாகியிருக்கும், அதை நம்ப முடியாது.

இங்கேதான் அந்தப் பிரபலமான 4 மி.மீ. சிக்கல் வருகிறது. 27 அங்குலச் சக்கரத்தில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 630 மி.மீ. இப்போது எங்கும் கிடைக்கும் 700சி சக்கரத்துக்கு 622. விட்டத்தில் 8 குறைந்தால் ஆரத்தில் 4. அதாவது, கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். "நாலு மில்லிமீட்டர்தானே, என்ன ஆகிவிடும்?" என்று விட்டுவிடாதீர்கள். இறக்காவிட்டால் கட்டையின் மேல்விளிம்பு டயரை உரசும். கொஞ்ச நாளில் டயர் அறுந்து, ஓட்டத்திலேயே வெடிக்கலாம். மறுபக்கம், அளவுக்கு மீறி இறக்கினால் கட்டை ரிம்மை விட்டு நழுவி போக்ஸ் கம்பிக்குள் மாட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டின் மையத்திலிருந்து ரிம் பக்கவாட்டின் நடுப்பகுதி வரை எத்தனை மி.மீ.? இன்றைய ரேஸ் காலிப்பர்கள் பல சுமார் 39 முதல் 49 வரைதான் எட்டும். மட்கார்டுக்கு இடம் விட்டுக் கட்டிய பழைய பிரேமில் 700சி போட்டால் பல சமயம் 55-ஐத் தாண்டிவிடும். கட்டை ரிம்மைத் தொடவே தொடாது! பழைய காலிப்பரின் கைகளோ நீளமானவை. கட்டை ஏறி இறங்கும் துளையில் இன்னும் 4 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை முடிந்தது.

துளை போதவில்லை என்று அரத்தால் ராவி நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். மொத்த விசையையும் தாங்கும் இடத்தையே மெலிதாக்குகிறீர்கள். அப்படி ஒரு நிலை வந்தாலோ, பழைய காலிப்பர் வளைந்து போயிருந்தாலோ, அப்போது புதிது வாங்குவது நியாயம். 55 முதல் 73 வரை எட்டும் டெக்ட்ரோ ஆர்559 மாதிரி நீளக்கை காலிப்பர்கள் இதற்கென்றே வந்தவை.

"கை நீண்டால் பிடிமானம் குறையுமே?" என்று கேட்பீர்கள். உண்மைதான், நெம்புகோல் கணக்கு அப்படித்தான். ஆனால் கை 4 மி.மீ. நீள்வதால் இழப்பது கொஞ்சம், குரோமிலிருந்து அலுமினியத்துக்கு வருவதால் மழையில் கிடைப்பது எக்கச்சக்கம்.

சக்கரம் வாங்கும்போது பின் அச்சின் அகலத்தையும் பார்க்க வேண்டும். பின்னால் ஐந்து பல்சக்கரம் உள்ள பழைய பிரேமுக்குப் பெரும்பாலும் 120 மி.மீ., பிற்கால ரேஸ் சக்கரங்களுக்கு 130.

மாட்டும்போது கவனிக்க இரண்டே விஷயம். கட்டையின் முன்முனை ஒரு துளி முந்தித் தொடட்டும், கிரீச் சத்தம் குறையும். கட்டை செருகும் உறையில் ஒரு பக்கம் திறந்திருந்தால், மூடிய பக்கம் முன்னோக்கியே இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ரிம் கட்டையை முன்னால்தான் இழுக்கும். திருப்பிப் போட்டால் கட்டை உருவிக்கொண்டு பறந்துவிடும், வெறும் உலோகம்தான் மிஞ்சும்.

பழைய பொருளை மதிப்பது என்றால் எதையும் தொடாமல் வைத்திருப்பதும் இல்லை, எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போடுவதும் இல்லை. எது பழுது என்று தெரிந்து அதை மட்டும் மாற்றுவதுதான். அந்தக் கணக்கில் வைன்மன் பாஸ், குரோம் ரிம் பெயில் :-)