‘ரீசெட் பண்ணினால் சரிவரும்’: ஒரு ஈ-ரீடரும் ஒரு பெயர்க் கொப்பியும்

அத்தை கிளிநொச்சியிலிருந்து திம்புள்ளவுக்கு வந்தபோது கைப்பையில் துவாயால் சுற்றிய பொருளொன்று இருந்தது. கனடாவிலிருந்து மகள் அனுப்பிய ஈ-ரீடர். திரையில் ஒரு புத்தக அட்டை அப்படியே உறைந்து நின்றது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசைவில்லை.

“தம்பி, இதுக்குள்ளதான் மாமாட பேர்க் கொப்பி இருக்கு. கடைக்காரப் பொடியன் ரீசெட் பண்ணினா சரிவரும் எண்டான். பண்ணினா கொப்பி போயிடுமா?”

போய்விடும். கடையில் அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கொப்பியின் கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கேள்வியின் பாரம் விளங்காது. மாமா எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். 1977 ஓகஸ்ட் வன்முறைக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. போனவர்களின் பெயர், எந்த டிவிஷன், எந்த லயம், எந்த ஊரில் குடியேறினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். 1948 சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அந்தக் கொப்பி 2009இல் முள்ளிவாய்க்காலில் போனது. மெனிக் பாம் முகாமில் இருந்த மாதங்களில் ஞாபகத்திலிருந்து மறுபடியும் எழுதினார். பிறகு மகள் அதைக் கணினியில் தட்டி பிடிஎஃப் ஆக்கி, ஒளி மங்கிய கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இந்தக் கருவியில் போட்டுக் கொடுத்தாள். மாமா காலமாகிவிட்டார். மகளின் பழைய மடிக்கணினி பழுதாகிவிட்டது. கையால் எழுதிய கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியது இந்த ஒரு பிரதி.

ஆகவே ரீசெட் வேண்டாம் என்றேன். இப்படியான கருவி வைத்திருக்கும் எல்லோருக்கும் அதையே சொல்வேன். ‘ஃபக்டரி ரீசெட்’ என்பது திருத்தம் அல்ல, துடைப்பு. கடையில் வாங்கிய புத்தகம் கணக்கில் இருந்தால் திரும்பி வரும். நாமே ஏற்றிய கோப்பு திரும்பி வராது.

முதலில் மின்னேற்றினோம். மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்த கருவியின் மின்கலம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது திரை உறைந்தது போலத் தோன்றும். மின்மைத் திரையில் கடைசிப் படம் மின்சாரம் இல்லாமலே நிற்கும் என்பதால் கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நான்கு மணி நேரம் சாதாரண தொலைபேசிச் சார்ஜரில் விட்டு, பவர் பொத்தானை நாற்பது விநாடியளவு விடாமல் அழுத்திப் பிடித்தேன். கருவி எழும்பியது. இதில் எதுவும் அழியாது, வெறும் மறுதொடக்கம்தான்.

எழும்பி ஐந்து நிமிடத்தில் மறுபடி உறைந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் கணினியில் செருகினால், கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. அரை நாள் இதில் போனது. கடைசியில் பார்த்தால் கேபிள்தான் காரணம். மலிவு விலைக் கேபிள்கள் பலவற்றில் மின்சாரம் மட்டும் போகும், தரவு போகாது. பக்கத்து லயத்துத் தம்பியிடம் வேறு கேபிள் வாங்கிச் செருகியதும் கோப்புகள் தெரிந்தன. வேறெதையும் தொடாமல் எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்தோம். அதற்குப் பிறகுதான் அத்தை தேத்தண்ணீர் குடித்தார்.

உறைவுக்குக் காரணம் ஒரு பெரிய பிடிஎஃப். ஏற்றும்போது பாதியில் கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஈ-ரீடர் புதிதாக வரும் ஒவ்வொரு கோப்பையும் தேடலுக்காக உள்ளே வாசித்து அட்டவணை போடும். சிதைந்த கோப்பில் அந்த வேலை முடியவே முடியாது, கருவி அதிலேயே மூச்சுத் திணறும். அந்த ஒரு கோப்பை நீக்கியதும் சரியாகிவிட்டது. வைஃபை பிடிக்காததற்குக் காரணம் இன்னும் சின்னது. மின்கலம் இறங்கியதில் திகதி பின்னோக்கிப் போயிருந்தது. திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணைப்பை இயந்திரம் ஏற்காது. பழைய கருவிகள் பலவற்றுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை தெரியாது என்பதால் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டை 2.4க்கு மாற்றவும் வேண்டியிருந்தது.

இனித்தான் எங்கள் மொழிக்கே உரிய கோளாறு. கொப்பி திரையில் அழகாகத் தெரிந்தது, ஆனால் எழுத்து பொடி. பெரிதாக்குவதற்காக மின்னூல் வடிவத்துக்கு மாற்றினால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குப்பை வந்தது. பாமினி! அந்த எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டினால் உள்ளே பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு என்ற முகமூடி இருக்கும் வரை அது தமிழ், கழன்றால் ஒன்றுமில்லை. அதனால்தான் கொப்பியில் ‘வட்டகொடை’ என்று தேடினால் ஒன்றும் வராது. பெயரைத் தேடுவதற்கென்றே எழுதப்பட்ட பட்டியலில் ஒரு பெயரையும் தேட முடியாது. உரையைப் பிரதி செய்து பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாக ஒப்பிட்டோம். இரண்டு இரவு பிடித்தது.

இது மாமாவின் கொப்பிக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. யுத்த காலத்தில் தட்டப்பட்ட அறிக்கைகள், நினைவு மலர்கள், காணாமற்போனோர் பற்றிய விபரக்கொத்துகள் என எத்தனையோ பாமினியில் உறங்குகின்றன. இன்றும் சில அலுவலகங்களும் அமைப்புகளும் அதிலேயே தட்டி பிடிஎஃப் ஆக வெளியிடுகின்றன. யூனிகோடில் தமிழ் இடம்பெற்று 30 வருடங்களுக்கு மேலாகிறது. இதற்குப் பழக்கம்தான் காரணம், தொழில்நுட்பம் அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

கருவி செய்யும் கம்பனிகளை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக வந்தது 2016 டிசம்பரில். அதற்கு முந்திய கருவிகளில் கொம்பும் காலும் இடம் மாறி, சிலவேளை வெறும் சதுரங்களாக நிற்கும். 2009 ஜூலையில் அமேசான், உரிமையில்லாதவர் விற்ற பிரதிகள் என்று கூறி, ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ஐ வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து தூரத்திலிருந்தே அழித்தது. பணம் திரும்பியது, கம்பனித் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அழிக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2025 பெப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் நிறுத்திவிட்டது. வைஃபை இல்லாத லயத்துக்கும், சிக்னலுக்காக மேட்டுக்கு ஏற வேண்டிய டிவிஷனுக்கும் அந்த வசதியின் அருமை தெரியும்.

1981 மே 31 இரவை அறிந்தவர்களுக்குப் பிரதி என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏடுகள் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் தளம் இன்று செய்துவரும் வேலை அந்த இழப்பின் நிழலிலிருந்து பார்க்க வேண்டியது. அதில் உள்ள பெரும்பாலான பிரதிகள் பக்கங்களின் படங்கள். ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்வது போல இருக்கும். கருவியைப் படுக்கையாகத் திருப்பி, ஓர வெள்ளையை வெட்டிவிட்டால் வாசிக்கலாம். 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிக் கோப்பும் தருகிறது. கோப்புகளை மாற்றவும் அடுக்கவும் கலிபர் என்ற இலவச மென்பொருள் போதும். அதைத் தொடங்கியவர் கோவிட் கோயல் என்ற இந்தியர்.

2025 நவம்பரில் டித்வா புயல் மழைக்கு மலைநாட்டில் மண் சரிந்தபோது, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவர்கள் பெட்டியை எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், காணிக் கடிதம், கலியாணப் படம் எல்லாம் சேற்றோடு போன வீடுகள் உண்டு. வன்னியில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இதைப் பலமுறை பார்த்த அனுபவம். அதனால்தான் அத்தை போகும்போது ஒரு பென்டிரைவை இங்கே விட்டுப் போகச் சொன்னேன். மற்றது கிளிநொச்சியில். ஒரு பிரதி மகளுக்கு மின்னஞ்சலில் போனது.

யூனிகோடுக்கு மாற்றிய பட்டியலில் எங்கள் டிவிஷன் பக்கத்தை மட்டும் அச்சடித்து மேல் லயத்து முதியவர் ஒருவரிடம் காட்டினோம். விரலை வைத்து வாசித்தவர், 1977இல் போன தன் தங்கையின் பெயரில் நின்றார்.

“வாத்தியார் பிழையா எழுதியிருக்காரு. அவ ராசம்மா இல்ல, ராக்கம்மா” என்று பேனையை வாங்கித் தாளில் திருத்தினார். மூன்று கோப்புகளிலும் அதை இன்னும் நான் மாற்றவில்லை.