புள்ளிக்குத் தன் மதிப்பு தெரியாது

இந்த வாரம் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாசாரம். பயப்பட வேண்டாம், சர்க்கரைச் சமாசாரமும் கலந்துதான் வருகிறது. இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அது பழகின சங்கதி.

எக்ஸெல்லில் போட்ட வரைபடத்தில் ஒரு புள்ளியை மட்டும் மவுஸால் பிடித்து, கையால் சிவப்பு அடிக்கிறோமே, அது கூடாது என்பது என் கட்சி. எந்தப் புள்ளி சிவப்பு, எது நீலம் என்பதை ஒரு விதியாக எழுதி மேக்ரோவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். "இந்த வயசுல மேக்ரோவா சார்?" என்று காலை நடைக் கோஷ்டியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தக் கோஷ்டியில் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தினமும் காலை வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வைப்பார். லீவில் வந்த மகன் அதை எக்ஸெல்லில் ஏற்றி அழகாகப் படம் போட்டுக் கொடுத்தான். 30 நாள், 30 புள்ளி. 130க்கு மேல் போன நாட்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சிவப்பாக்கினான். லீவு முடிந்து போய்விட்டான். அடுத்த மாதம் இவர் அதே 30 கட்டங்களில் பழைய எண்களை அழித்துவிட்டுப் புதிய எண்களை அடித்தார். கோடு மாறியது. சிவப்பு மட்டும் மாறவில்லை. போன மாதம் ஒன்பதாம் தேதி கூடியிருந்தது என்பதற்காக, இந்த மாதம் ஒன்பதாம் தேதியின் 112 சிவப்பாக நின்றது. பதினேழாம் தேதி 58. அது சாதுவாக நீலத்தில் உட்கார்ந்திருந்தது.

டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். கண் சிவப்புக்குத்தான் போகும். ஒன்பதாம் தேதியைக் காட்டி "அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பித்தாராம். பக்கத்தில் இருந்த அவர் மனைவிதான், "அதை விடுங்க டாக்டர், பதினேழாம் தேதி விடிகாலைல இவருக்கு வேர்த்துக் கொட்டிச்சு" என்றார். அப்புறம்தான் 58 கண்ணில் பட்டது. இரவு மாத்திரையைக் குறைத்தார்கள். 70க்குக் கீழே இறங்குவது நம் வயதில் லேசான விஷயமில்லை. தூக்கத்தில் இறங்கினால், பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள அது ஒன்றே போதும்.

மகன் மீது குறை இல்லை. மவுஸால் அடித்த நிறம் எண்ணைப் பார்த்து ஒட்டுவதில்லை, இடத்தைப் பார்த்து ஒட்டுகிறது. ஒன்பதாவது கட்டத்தில் என்ன வந்தாலும் அதன் புள்ளி சிவப்புதான். அந்தக் காலத்தில் கிராஃப் தாளில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டால், அடுத்த மாதத்துக்கு வேறு தாள் எடுப்போம். வட்டம் பழைய தாளோடு போய்விடும். எக்ஸெல்லில் தாள் ஒன்றே.

மேக்ரோ எழுதப் போனால் இதே சங்கதி இன்னும் பச்சையாகத் தெரிகிறது. எக்ஸெல்லின் விபிஏ மொழியில் ஒரு வரைகோட்டுக்கு 'சீரீஸ்' என்று பெயர். அதன் புள்ளிகள் 'பாயிண்ட்ஸ்'. பாயிண்ட்ஸ் போட்டு அடைப்புக்குள் 9 என்று கொடுத்தால் ஒன்பதாவது புள்ளி கைக்கு வரும். அதன் நிறத்தை மாற்றலாம், வடிவத்தை மாற்றலாம், பெரிதாக்கலாம், பக்கத்தில் எழுத்து ஒட்டலாம். ஆனால் "உன் மதிப்பு என்ன?" என்று மட்டும் அந்தப் புள்ளியிடம் கேட்க முடியாது. அதற்கு அது தெரியாது! சீரீஸிடம்தான் போக வேண்டும். அதன் 'வேல்யூஸ்' என்ற பட்டியலில் ஒன்பதாவது எண் எதுவோ அதுதான் ஒன்பதாவது புள்ளியின் மதிப்பு. முதலில் இது எனக்குக் கோணல் புத்தியாகத்தான் பட்டது. யோசித்தால் நல்லதற்குத்தான். நிறம் கொடுக்கும் முன் எண்ணைப் போய்ப் பார் என்று நிரல் எழுதுகிறவனைக் கட்டாயப்படுத்துகிறது. மவுஸ் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை.

அட்டவணையில் நேராகப் போய் ஒன்பதாவது வரியைப் படித்தால் என்ன என்று கேட்கலாம். இடையில் ஒரு வரியை மறைத்து வைத்திருந்தால், வழக்கமான அமைப்பில் எக்ஸெல் அதை வரையாது. அப்போது ஒன்பதாவது வரி எட்டாவது புள்ளியாகிவிடும். சீரீஸிடம் கேட்பதே பத்திரம்.

தலைமையாசிரியருக்கு நான் எழுதிக் கொடுத்த மேக்ரோ செய்வது இவ்வளவுதான். முதலில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே மாதிரி நீல வட்டமாக்குகிறது. எழுதுகிறவர்கள் பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். விட்டால் போன மாதச் சிவப்பு அப்படியே தங்கும், மேக்ரோ போட்டும் மவுஸ் கதைதான். பிறகு ஒன்றிலிருந்து கடைசி வரை ஒரு சுற்று. எண் 70க்குக் கீழே என்றால் பெரிய சிவப்புச் சதுரம், பக்கத்திலேயே அந்த எண். மேல் எல்லையைத் தாண்டினால் ஆரஞ்சு முக்கோணம். வடிவத்தையும் ஏன் மாற்ற வேண்டும் என்றால், இவர் படத்தைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில்தான் பிரிண்ட் எடுக்கிறார். அங்கே சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல்.

பரிசோதனை செய்யாத நாளின் கட்டம் காலியாக இருக்கும். காலியை விபிஏ ஒப்பிடும்போது சுழியாக எடுத்துக்கொள்ளும். சுழி 70க்குக் கீழேதானே! கல்யாணத்துக்குப் போய் ஊசி குத்தாமல் விட்ட நாளெல்லாம் அபாயச் சதுரமாகிவிடக் கூடாது. அதனால் காலியா என்று முதலில் கேட்டுவிட்டு, ஆமென்றால் தாண்டிப் போகச் சொல்ல வேண்டும்.

அந்த 70, 130 என்ற எல்லைகளை நான் நிரலுக்குள் எழுதவில்லை. தாளின் மேலேயே இரண்டு கட்டங்களில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பொதுவாகச் சொல்லும் இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் அதைத் தளர்த்துவது உண்டு. இவருடைய டாக்டர் 150 என்றார். கட்டத்தில் 150 என்று அடித்து மேக்ரோவை ஓட்டினால் தீர்ந்தது. எதை அபாயம் என்கிறோம் என்பது தாளைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரிகிறது. "ஏன் 150?" என்று மனைவி கேட்கலாம், மகன் கேட்கலாம். மவுஸால் அடித்த சிவப்பிடம் யாரும் காரணம் கேட்க முடியாது.

இன்னொரு வழக்கமும் பார்த்திருக்கிறேன். படம் நெரிசலாக இருக்கிறது என்று, கூடின நாட்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடுவது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று விவாதம் நடந்தது. வளையங்கள் பாதிக்கப்பட்ட பயணங்களை மட்டுமே வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தார்கள். குளிரிலும் பாதிப்பு, வெயிலிலும் பாதிப்பு, ஒரு தொடர்பும் தெரியவில்லை. பாதிக்கப்படாத பயணங்களையும் புள்ளியாகச் சேர்த்துப் போட்ட படம் பிறகு ரோஜர்ஸ் ஆணைய அறிக்கையில் வந்தது. 66 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3-இல்தான் பாதிப்பு. 63-ம் அதற்குக் கீழும் நடந்த 4-இலும் பாதிப்பு. ஏவிய அன்று 36 டிகிரி. சாதாரணப் புள்ளிகள் இருந்தால்தான் அசாதாரணம் தெரியும். எதையும் அழிக்க வேண்டாம், வேண்டியதைத் தூக்கிக் காட்டினால் போதும். புள்ளி புள்ளியாக வேலை செய்யும் மேக்ரோ அதற்குத்தான்.

மேக்ரோ இல்லாமலும் முடியும் என்பவர்கள் சொல்வது பாதி சரி. பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, எண் 70க்குக் கீழே என்றால் அதையும் இல்லாவிட்டால் 'என்ஏ' என்பதையும் தரும் ஒரு 'இஃப்' சூத்திரம் எழுதி, அதை இரண்டாவது சீரீஸாக வரையலாம். என்ஏ உள்ள இடத்தில் புள்ளி விழாது. நல்ல வழி, நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இதுவும் விதிதான், கை வேலை இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குறிப்பு ஒட்டக்கூட, 2013 பதிப்பிலிருந்து 'கட்டங்களிலிருந்து எடு' என்ற வசதி வந்துவிட்டது. அதற்கு முன் ராப் போவி இலவசமாகக் கொடுத்த எக்ஸ்ஒய் சார்ட் லேபிளர்தான் கதி. ஆனால் நிறம், வடிவம், அளவு, குறிப்பு என்று நாலைந்து விதி சேர்ந்தால் தாள் முழுக்கத் துணைப் பத்திகள் முளைக்கும். அப்போது மேக்ரோவே சுத்தம்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு: மேக்ரோ ரெக்கார்டரை ஓடவிட்டு ஒரு புள்ளிக்கு நிறம் அடித்தால், அதற்கான வரிகளை எக்ஸெல்லே எழுதித் தரும். 2007 பதிப்பு வைத்திருப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். அதில் வரைபட அலங்காரங்கள் பதிவாகாது, 2010-இல்தான் சரி செய்தார்கள். மேக்ரோ ஓடியபின் 'அன்டூ' வேலை செய்யாது, நகல் எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமியுங்கள், சாதா எக்ஸ்எல்எஸ்எக்ஸில் மேக்ரோ தங்காது. வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாதவர் அனுப்பும் மேக்ரோக் கோப்பைத் திறக்கவே வேண்டாம்.

எனக்கு இன்னும் உறுத்துவது கைபேசி. அதில் எக்ஸெல் இருக்கிறது, விபிஏ ஓடாது. தலைமையாசிரியர் கைபேசியில் இன்றைய எண்ணை அடித்தால், நேற்று ஓட்டிய மேக்ரோவின் நிறம்தான் நிற்கும். அதனால் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். மேக்ரோ ஓடும் ஒவ்வொரு முறையும் படத்தின் தலைப்பில் 'நிறமிட்டது' என்று அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதிவிடும். டாக்டரிடம் இப்போது சொல்லி வைத்திருக்கிறார், முதலில் தலைப்பைப் பாருங்கள், அப்புறம் சிவப்பைப் பாருங்கள் என்று.