வேலையை விட்டு டாக்டர் ஆக 'போஸ்ட்-பேக்': எந்தக் கல்லூரி என்பதற்கு முன் கேட்க வேண்டியது என்ன?

பத்து வருஷம் கோடிங், கையில் நல்ல சம்பளம், வயது 32. இனிமேல் போய் டாக்டருக்குப் படிப்பதா? தமிழ்நாட்டில் கேட்டால் வீட்டிலேயே சிரிப்பார்கள். அமெரிக்காவில் சிரிக்க மாட்டார்கள். அங்கே மருத்துவம் என்பது பிளஸ் டூ முடித்ததும் சேரும் படிப்பல்ல. ஒரு பட்டம் வாங்கிய பிறகு படிக்கும் 4 ஆண்டுப் படிப்பு. வரலாறு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் பாடங்களைப் பொதுவாக ஆய்வக வகுப்போடு முடித்திருக்க வேண்டும். எம்கேட் தேர்வும் எழுத வேண்டும்.

இந்தப் பாடங்களை முன்பு படிக்காதவர்களுக்கானதுதான் 'போஸ்ட்-பேக்'. பிரின் மார், கௌச்சர் போன்ற கல்லூரிகளில் சின்ன வகுப்பு, ஏறக்குறைய ஒரு வருஷம், முழுநேரம். கொலம்பியாவில் பொதுவாக இரண்டு வருஷம் ஆகும். ஹார்வர்டு எக்ஸ்டென்ஷனில் மாலை வகுப்புகள் உண்டு. எதுவும் வேண்டாம் என்றால் பக்கத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடம் பாடமாகப் பணம் கட்டியும் படிக்கலாம். கரிம வேதியியல் எங்கே படித்தாலும் கரிம வேதியியல்தான்.

அப்புறம் எதற்குப் பெரிய கட்டணம்? வழிகாட்டுதல், கல்லூரிக் குழு தரும் பரிந்துரைக் கடிதம், 'லிங்கேஜ்' ஆகிய மூன்றுக்காகத்தான். பாடங்களை முடித்தவர் விண்ணப்பித்துவிட்டு வழக்கமாக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். லிங்கேஜ் ஒப்பந்தம் உள்ள மருத்துவக் கல்லூரி என்றால் அந்த வருஷம் மிச்சம். ஆனால் அங்கே இடம் கிடைத்தால் பெரும்பாலும் அங்கேதான் சேர வேண்டும். வேறு கல்லூரியைப் பார்க்க முடியாது.

90 சதவீதம் யாருடையது?

"எங்கள் மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள்" என்ற மாதிரி விளம்பரத்தில்தான் பலர் விழுகிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை பேரில் 90 சதவீதம்? பாதியில் விலகியவர்கள் கணக்கில் உண்டா? மதிப்பெண் குறைந்ததால் குழு கடிதம் தர மறுத்தவர்கள்? "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பாருங்கள்" என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள்? முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் டாக்டர் படிப்புக்குப் போனார்கள் என்று கேட்க வேண்டும். நேராகப் பதில் சொல்லாத கல்லூரிக்குச் சேமிப்பைக் கொடுப்பது வீண் ரிஸ்க்.

காரணம், இங்கே தோற்றால் கறை போகாது. ஒரு பாடத்தில் 'சி' வாங்கித் திரும்பப் படித்து 'ஏ' வாங்கினாலும், பெரும்பாலான கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் இரண்டும் ஜி.பி.ஏ. கணக்கில் சேரும்.

பணக் கணக்கும் மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். பல தனியார் மருத்துவக் கல்லூரிகளில் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். போஸ்ட்-பேக்கில் கரைக்கும் சேமிப்பு, அப்போது கைகொடுக்க வேண்டிய பணம்.

ஹெச்-1பி விசாவில் இருந்தால்?

அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் தாமதமாகத் தெரிந்துகொள்ளும் விஷயம் இது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் சேர்ப்பதே இல்லை. அரசுக் கடனும் இல்லை. வேலையை விட்டால் விசாவுக்கும் சிக்கல். இந்தியப் பொறியியல் பட்டத்தின் மதிப்பெண்கள் ஆம்காஸ் ஜி.பி.ஏ.வில் சேராது, ஆக, புதிதாகப் படிக்கும் பாடங்கள்தான் ஜாதகம். கிரீன் கார்டு கைக்கு வரும் முன் முழுநேரப் போஸ்ட்-பேக்கில் பணம் கட்டுவது அவசரம்.

32 வயதில் இரண்டு வருஷப் படிப்பைத் தொடங்கினால், காத்திருக்கும் ஒரு வருஷம், மருத்துவம் 4, ரெசிடென்சி குறைந்தது 3 சேர்ந்து 42 ஆகிவிடும். பரவாயில்லை என்பவர்கள், ராஜினாமா கடிதத்துக்கு முன் மாலை வகுப்பில் ஒரே ஒரு வேதியியல் பாடம் எடுத்துப் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் மருத்துவமனையில் தன்னார்வலராகவும் நிற்கலாம். அந்த அனுபவத்தை எப்படியும் விண்ணப்பத்தில் கேட்பார்கள்.