வன உயிர்களின் வீழ்ச்சி: கடலையும் காட்டையும் விட ஆறுகளே அதிகம் இழந்துள்ளன

உலகெங்கும் கண்காணிக்கப்படும் வன உயிரினத் தொகைகள் 1970ஆம் ஆண்டுக்கும் 2020ஆம் ஆண்டுக்கும் இடையே சராசரியாக 73 சதவீதம் சரிந்துள்ளதாக, உலக இயற்கை நிதியம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. லண்டன் விலங்கியல் கழகம் கணித்த இந்தக் குறியீடு, முதுகெலும்புள்ள 5,495 இனங்களைச் சேர்ந்த சுமார் 35 ஆயிரம் தொகைகளை அடிப்படையாகக் கொண்டது.

இந்த எண் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. உலகிலுள்ள விலங்குகளில் 73 சதவீதம் அழிந்துவிட்டன என்பது இதன் பொருளன்று. ஓரிடத்தில் 100ஆக இருந்த விலங்குகள் 10ஆகவும், வேறோரிடத்தில் 1,000ஆக இருந்தவை 950ஆகவும் குறைவதாகக் கொள்வோம். இவ்விரு வீழ்ச்சிகளின் எளிய சராசரி ஏறத்தாழ 48 சதவீதம். ஆனால் மொத்த எண்ணிக்கையில் குறைந்தது சுமார் 13 சதவீதம் மட்டுமே.

கடுமையாகச் சரிந்த தொகைகள் 3 சதவீதத்துக்கும் குறைவு என்றும், அவற்றை நீக்கிவிட்டால் உலகளாவிய வீழ்ச்சிப் போக்கே தென்படாது என்றும் 2020ஆம் ஆண்டு நேச்சர் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று வாதிட்டது. இதை ஆறுதலாகக் கொள்வதற்கில்லை. இழப்பு எங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை என்பதையே அது உணர்த்துகிறது. எனவே, இழப்பு எங்கே குவிந்துள்ளது என்பதே அரசுகள் எழுப்ப வேண்டிய கேள்வி.

நன்னீரின் நிலை

2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நிலவாழ் உயிரினத் தொகைகளின் சராசரி வீழ்ச்சி 69 சதவீதம், கடலில் 56 சதவீதம். ஆறு, ஏரி, சதுப்பு நிலம் ஆகியவற்றை உள்ளடக்கிய நன்னீரிலோ அது 85 சதவீதம். புவியின் பரப்பில் நன்னீர் ஒரு சதவீதம் கூட இல்லை. எனினும் உலகின் மீன் இனங்களில் ஏறத்தாழ பாதி அங்குதான் வாழ்கின்றன.

அணை, மாசு, மிகை மீன்பிடிப்பு, மணல் அள்ளுதல் ஆகிய அனைத்தும் ஒரே நீரோட்டத்தில் வந்து சேர்வதே இதற்குக் காரணம். முட்டையிட மேல்நோக்கி நீந்தும் மீனுக்கு, வழியில் எழும் ஓர் அணையே போதும்.

ஒரு நதி, ஓர் அரசு

சீனாவின் யாங்சி நதி இதற்குச் சான்று. 1981ஆம் ஆண்டு கெசூபா அணைக்காக நதி மறிக்கப்பட்டபோது, நீண்ட மூக்குடைய சீனத் துடுப்பு மீனின் இனப்பெருக்கப் பாதை அடைபட்டது. அந்த இனம் அழிந்துவிட்டதாக 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த பைஜி டால்பினும் 2006ஆம் ஆண்டுத் தேடலில் ஒன்றுகூடத் தென்படவில்லை.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் யாங்சியில் பத்தாண்டு மீன்பிடித் தடையை பெய்ஜிங் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மீனவர்கள் தொழிலைக் கைவிட நேர்ந்தது. அங்குள்ள முதுகுத் துடுப்பற்ற கடற்பன்றிகளின் எண்ணிக்கை, 2017ஆம் ஆண்டில் 1,012ஆக இருந்து 2022ஆம் ஆண்டில் 1,249ஆக உயர்ந்தது. மீட்சி சாத்தியமே. ஆனால் அதற்கான விலையை மீனவர்கள் செலுத்தினர். அணைகள் அப்படியே இருக்கின்றன.

ஒரு நதி, ஆறு அரசுகள்

மீகாங் நதியின் நிலைமை வேறு. அது ஆறு நாடுகளின் ஊடாகப் பாய்கிறது. 1995ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மீகாங் நதி ஆணையத்தில் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளே உறுப்பினர்கள். மேல்நீரோட்டத்தில் அடுக்கடுக்காக அணைகள் கட்டியுள்ள சீனா உறுப்பினரல்ல. உறுப்பு நாடு கட்டும் அணையைத் தடுக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு இல்லை. கீழ்ப்பகுதி நாடுகள் கவலை தெரிவித்தும், லாவோசின் சயாபுரி அணை 2019ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது.

லாவோஸ், கம்போடியா எல்லையில் உள்ள மடுவில் எஞ்சியிருந்த கடைசி ஐராவதி டால்பின் 2022ஆம் ஆண்டு இறந்தது. கம்போடியாவில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 89 டால்பின்களே இருந்தன. அவற்றை அதிகம் கொல்பவை செவுள் வலைகள். அந்த வலைகளை வீசுவோரும் மீன் குறைந்துவரும் நதியையே நம்பி வாழ்பவர்கள்.

பரப்பும் ஓட்டமும்

நிலம், உள்நாட்டு நீர்நிலைகள், கடல் ஆகியவற்றில் 30 சதவீதத்தை 2030ஆம் ஆண்டுக்குள் பாதுகாப்பது என 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் உடன்பட்டன. ஆனால் இந்த இலக்கு பரப்பையே அளக்கிறது. காட்டைச் சுற்றி எல்லைக் கோடு வரையலாம். ஆற்றின் ஒரு பகுதியை மட்டும் பாதுகாத்து, மேலே நீரை மறித்தால் அந்தக் கோட்டுக்குப் பொருளில்லை. எல்லை கடந்த நீரோட்டங்கள் குறித்த ஐ.நா. உடன்படிக்கைக்கு எதிராக 1997ஆம் ஆண்டு சீனாவும் துருக்கியும் வாக்களித்தன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. இரண்டுமே பெருநதிகளின் மேல்நீரோட்ட நாடுகள்.

எனவே 73 என்ற எண்ணைக் காட்டிலும் 85 என்ற எண்ணே அரசியல் ரீதியாக முக்கியமானது. மேலே இருக்கும் நாடு எவ்வளவு நீரை, எப்போது விடுவிக்கும் என்ற பேரத்தில் மீனுக்கும் மீனவருக்கும் இடம் கிடைக்காத வரை, அடுத்த அறிக்கையிலும் ஆறுகளே கடைசி இடத்தில் இருக்கக்கூடும்.